மூச்சு முட்டாது, அதுதான் ஆபத்து

நேயர்களே, வணக்கம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் மெல்லக் குறைந்தால் என்ன ஆகும் என்று, விமானம் ஓட்டியவன் என்ற முறையில் இன்று சொல்கிறேன்.

ஊட்டிக்குப் பஸ்ஸில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் போய்ச் சேர்வதற்குள் உப்பிக்கொண்டு நிற்கும். பர்லியாறு தாண்டினதும் காது அடைக்கும், எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். மேலே போகப் போக வெளியில் காற்றழுத்தம் குறைகிறது, பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது, அவ்வளவுதான். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. நான் ஓட்டிய எட்டுப் பேர் உட்காரும் சிறு விமானங்கள் 24,000, 28,000 அடியில் போகிறவை. 28,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கேயும் உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகக் காபி குடிக்கிறார்கள் என்றால், கேபினுக்குள் ஊட்டிக் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று பொருள்.

எப்படிப் பிடித்து வைக்கிறோம்? உங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. அடியில் உள்ள கேட் வால்வைக் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, தொட்டியின் மட்டத்தை ஒரே அளவில் வைக்கிறீர்கள். விமானத்தில் எஞ்சினிலிருந்து அழுத்தமான காற்று கேபினுக்குள் வந்துகொண்டே இருக்கும், ஒரு வால்வு அதை அளவாக வெளியே விடும். மோட்டார் நின்றாலும் போச்சு, வால்வு திறந்தபடி சிக்கினாலும் போச்சு, தொட்டியில் விரிசல் விட்டாலும் போச்சு. சிறு விமானத்தில் அந்த விரிசல் பல நேரம் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் சீலில்தான் வரும்.

கண்ணாடி உடைந்து காற்று ஒரேயடியாக வெளியேறினால் பெரிய சத்தம் கேட்கும், கேபின் முழுக்கப் பனிமூட்டம் போல வெண்மை பரவும், நெஞ்சிலிருக்கும் மூச்சு தானாக வெளியே பாயும். அதை அடக்கக் கூடாது, விட்டுவிட வேண்டும். இது பயங்கரம்தான். ஆனால் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும். நான் இன்று பேச வந்தது மெல்லக் கசிவதைப் பற்றி.

கிணற்றில் முங்கினால் மூச்சு முட்டும் அல்லவா? அது ஆக்ஸிஜன் குறைந்ததால் வரும் தவிப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தத் தவிப்பைக் கிளப்புவது உடம்புக்குள் சேரும் கரியமில வாயு. உயரத்தில் நாம் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் அது வெளியே போய்விடுகிறது. எனவே மூச்சு முட்டாது, நெஞ்சு அடைக்காது. ஆக்ஸிஜன் மட்டும் மூளைக்குப் போய்ச் சேராது. நகம் நீலமாகும், விரல் நுனி மரக்கும், பார்வை ஓரங்களில் சுருங்கும். மனசோ, பலருக்கு, சந்தோஷமாக இருக்கும்.

விமானப்படையில் இருந்தபோது இதை பெங்களூரில் உள்ள விமான மருத்துவ நிறுவனத்தின் அழுத்த அறையில் அனுபவித்தேன். உள்ளே உட்கார வைத்து, காற்றை உறிஞ்சி, 25,000 அடிக்குச் சமமாக்கி, ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். கையில் ஒரு பலகை, ஒரு பென்சில். 100லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். 93, 86, 79 என்று எழுதினேன். சுலபமாக இருந்தது. மற்றவர்களைவிட வேகமாகப் போடுகிறேன் என்றுகூடத் தோன்றியது. யாரோ என் முகத்தில் மாஸ்க்கை வைத்து அழுத்தினார்கள். இரண்டு மூச்சு இழுத்ததும் கண் தெளிந்தது. பலகையைப் பார்த்தேன். 79க்குக் கீழே மறுபடி 79. அதற்கும் கீழே 79. கடைசி எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கோழி கிளறின மண்ணைப் போலக் கிடந்தன. அந்தப் பலகையை நான் இன்றுவரை மறக்கவில்லை. கெட்டுக்கொண்டிருக்கும் மூளை தான் கெடுவதை நமக்குச் சொல்லாது.

25,000 அடியில் மாஸ்க் இல்லாமல் உருப்படியாக யோசிக்கக் கிடைப்பது மூன்று முதல் ஐந்து நிமிடம். 35,000 அடியில் ஒரு நிமிடம்கூடத் தேறாது. காற்று திடீரென்று போனால் இது ஏறக்குறைய பாதியாகும். அதனால்தான் எங்களுக்கு முதல் வேலை காரணம் தேடுவது அல்ல. முதலில் மாஸ்க். அப்புறம் இறக்கம். கீழே வந்த பிறகு காரணத்தைத் தேடிக்கொள்ளலாம்.

சொல்வது சுலபம். ஒருமுறை ஹைதராபாத்திலிருந்து கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கு ஒரு கம்பெனி விமானத்தில் வந்துகொண்டிருந்தோம். 24,000 அடி. பின்னால் ஈரோட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். "ஏனுங் கேப்டன், காது என்னமோ பண்ணுதுங்களே, எறங்கறமுங்களா?" என்று கேட்டார். நாங்கள் இறங்கவே ஆரம்பிக்கவில்லை. கேபினுக்குள் இருக்கும் காற்று எத்தனை அடி உயரத்துக் காற்றுக்குச் சமம் என்று காட்டும் முள்ளைப் பார்த்தேன். 7,000த்தில் நிற்க வேண்டியது 9,000த்தைத் தாண்டி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கு இன்னும் எரியவில்லை. என் கை தானாகச் சுவிட்சுகளைத் துழாவப் போனது. பக்கத்தில் இருந்த துணை விமானி சின்னப் பையன். அவர் "சார், மாஸ்க்" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மாஸ்க் போட்டால் மட்டும் போதாது. மைக் சுவிட்சை மாஸ்க் பக்கம் தள்ள வேண்டும், இல்லையென்றால் நீங்கள் கத்துவது உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். அப்புறம் எஞ்சினைக் குறைத்து, சக்கரத்தை இறக்கி, மூக்கைத் தாழ்த்தி, ஆபத்து என்று அறிவிக்கும் "மேடே" என்ற சொல்லை ரேடியோவில் "மேடே, மேடே, மேடே" என்று மூன்று முறை சொல்லி, தரையிலுள்ள ரேடாருக்கு அவசரம் என்று காட்டும் 7700 என்ற எண்ணை வைத்து, நேராகக் கீழே.

எவ்வளவு கீழே? விமானிகளின் கையேடு 10,000 அடி என்று சொல்லும், கூடவே தரை எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொள் என்றும் சொல்லும். நம் ஊரில் அந்தப் பின்பாதிதான் உயிர். தொட்டபெட்டா ஏறக்குறைய 8,650 அடி, ஆனைமுடி 8,840 அடி. மலைக்கு மேல் 2,000 அடி இடைவெளி விட வேண்டும் என்றால் மேற்கே 10,000 போதாது. அன்று வலப்பக்கம் மேகத்துக்குள் நீலகிரி. இடப்பக்கம் திருப்பி, பவானிசாகர் தண்ணீர் கண்ணில் பட்ட பிறகுதான், கோபி, ஈரோட்டுச் சமவெளிக்கு மேலே மீதி உயரத்தைக் குறைத்தோம். நான்கைந்து நிமிடம். பத்திரமாக இறங்கினோம். கதவு சீலில் ஓரிடத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல்.

எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. 1999 அக்டோபர் 25ஆம் தேதி கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் போன லியர்ஜெட் என்ற சிறு ஜெட் விமானம், உள்ளே யாரும் பதில் சொல்லாமலே சுமார் நான்கு மணி நேரம் தானாகப் பறந்து, எரிபொருள் தீர்ந்து தெற்கு டகோட்டாவில் விழுந்தது. 2014 செப்டம்பர் 5ஆம் தேதி நடந்ததுதான் என்னை அதிகம் வாட்டுகிறது. அமெரிக்காவில் ராச்செஸ்டரிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் கிளம்பிய டிபிஎம் 900 என்ற ஒற்றை எஞ்சின் விமானம் 28,000 அடியில் இருந்தது. ஏதோ ஒன்று சரியாகக் காட்டவில்லை, 18,000த்துக்கு இறங்க வேண்டும் என்று விமானி கேட்டார். அமைதியாக, மரியாதையாகக் கேட்டார். அவசரம் என்று அறிவிக்கவில்லை. தரையில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்கள் முதலில் 25,000 வரை இறங்க அனுமதி கொடுத்தார்கள். அங்கேயே அவர் பேச்சு குழறியது, பிறகு நின்றுபோனது. விமானம் தானாகப் போய் ஜமைக்காவுக்கு அருகே கடலில் விழுந்தது. இரண்டு உயிர்.

நம் ஊரில் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று தணிவாகக் கேட்கும் பழக்கம் உண்டு. நல்ல பழக்கம். ஆனால் வானத்தில் அந்த நேரத்தில் அதை விட்டுவிட வேண்டும். "மேடே" என்று சொன்னால் வழியில் இருப்பவர்களை ஒதுக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் வரிசையில் நிற்கும் ஒருவர்.

இப்போது மில் வேலையாகவோ, நோயாளியோடு ஏர் ஆம்புலன்ஸிலோ சின்ன விமானத்தில் போகிற நேயர்கள் இருக்கலாம். உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. சின்ன விமானத்தில் செய்து காட்டப் பணிப்பெண் இருப்பதில்லை. ஏறியதும், மாஸ்க் எங்கே இருக்கிறது, எதை இழுத்தால் காற்று வரும் என்று விமானியிடம் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். குழந்தை மடியில் இருந்தாலும் முதலில் உங்களுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் மயங்கினால் குழந்தைக்குப் போட ஆள் இல்லை. காது அடைத்தால், விமானி சம்பந்தமில்லாமல் பேசினால், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் அதற்கப்புறமும் பலமுறை என்னோடு வந்தார். ஏறியதும் மாஸ்க் இருக்கும் இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெல்ட் போடுவார்.

நன்றி, வணக்கம்.