திகைப்பூண்டை மிதித்த மாரியோ

[திரை: மரங்கள் அடர்ந்த ஒரே காட்சி. சிறுவன் ஒருவன் மேல்விளிம்பு வழியாக வெளியேறுகிறான். கீழ்விளிம்பு வழியாக அதே காட்சிக்குள் நுழைகிறான்.]

வணக்கம். இது 1986இல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' என்ற வீடியோ கேம். இந்தத் 'தொலைந்த காட்டில்' வடக்கே போனாலும் இதே காடு, தெற்கே போனாலும் இதே காடு. மேற்குப் பக்கமாகக் கடந்து போக வேண்டுமானால் வடக்கு, மேற்கு, தெற்கு, மேற்கு என்ற வரிசையில் நடக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் இப்படிச் சுற்றி வருகிறவனைத் திகைப்பூண்டை மிதித்துவிட்டான் என்பார்கள். இங்கே அந்தப் பூண்டை வேண்டுமென்றே நட்டு வைத்திருக்கிறார்கள்.

இதைப் பதிவு செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி மகன் சற்று நேரம் பொறுமையாகப் பார்த்தான். பிறகு, "பெரியப்பா, கேம் பழுதாகிவிட்டது போலிருக்கிறது" என்றான். இத்தகைய புதிர்வழிகள் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனம் எனக்குத் தோன்றவில்லை.

[திரை: மூன்று திசை அம்புகள், நான்கு வரிசைகள்.]

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிழக்கே போனால் காட்டைவிட்டே வெளியேறிவிடுவோம். மிச்சம் மூன்று திசைகள், நான்கு அடிகள். மொத்தம் 81 சேர்க்கைகள். அவற்றில் ஒன்றுதான் சரி. முதல் இரண்டு அடிகளைச் சரியாக வைத்தவனுக்கும், ஒன்றுகூடச் சரியாக வைக்காதவனுக்கும் திரை காட்டுவது ஒரே காட்டைத்தான். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் 'சரி', 'தப்பு' என்று ஒரு சிறு குறிப்புக் கிடைத்தால், அடிக்கு மூன்று முயற்சி வீதம் அதிகபட்சம் 12 முயற்சிகளில் வேலை முடிந்துவிடும். 81க்கும் 12க்கும் நடுவில் கிடக்கிறது எரிச்சலுக்கும் விளையாட்டுக்கும் உள்ள தூரம். ஜெல்டாவில் விடையைச் சொல்ல ஒரு கிழவி இருக்கிறாள், ஆனால் காசு கேட்பாள். குறைவாகக் கொடுத்தால் போதாது என்பாள். அந்தக் கிழவியை எனக்குப் பிடிக்கும், காட்டைப் பிடிக்காது.

இதை ஏன் செய்தார்கள்? இடப் பற்றாக்குறை ஒரு காரணம். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று ஒரு கைப்பேசிப் புகைப்படத்துக்கே அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த நெருக்கடியில், இருக்கிற பாதையையே மறுபடி ஓடவிட்டால் புதிதாக எதையும் வரையாமலே கோட்டை நீண்டுவிடுகிறது.

[திரை: மாரியோ, 7-4 கோட்டை. கடிகாரம் குறைந்துகொண்டே வருகிறது.]

மாரியோவின் 4-4, 7-4 கோட்டைகளை, அதாவது நான்காம், ஏழாம் உலகங்களின் நான்காம் கட்டங்களை, நம் ஊர்க்காரர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மேல்தட்டில் ஓடுவதா, கீழ்த்தட்டில் ஓடுவதா? தப்பான தட்டில் போனால் அதே சுவர், அதே தீ, அதே பள்ளம். கடிகாரமோ நிற்காது. பாளையங்கோட்டைப் பக்கம் மணிக்குக் காசு வாங்கிக்கொண்டு விளையாடவிட்ட கடைகளில் இன்னொரு கடிகாரமும் ஓடும். அது அண்ணாச்சியின் கையில் இருக்கும். கையேடு கிடையாது, விடை போட்ட பத்திரிகையும் கிடையாது. எந்தத் தட்டு என்பது தெருவுக்குத் தெரு வாய்வழியாகவே பரவியது, பாதி தப்பாக.

1993இல் இதே விளையாட்டைப் புதுப்பித்து 'சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்' தொகுப்பில் வெளியிட்டபோது, சரியான வழியில் போனால் ஒரு மணியொலி, தப்பினால் வேறோர் ஒலி என்று சேர்த்தார்கள். பாதை பழைய பாதைதான். கூடுதலாக வந்தது ஒலி மட்டுமே. ஆனாலும் கோட்டையின் குணமே மாறிவிட்டது. முன்பு அது சூதாட்டம். இப்போது ஒவ்வொரு தவறும் கைக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போகிறது.

1998இல் ஜெல்டா வரிசையில் வந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்' இன்னும் அழகாகச் செய்தது. அங்கேயும் ஜெல்டாவின் தொலைந்த காடு உண்டு. எந்தச் சுரங்கவாயிலிலிருந்து இசை உரக்கக் கேட்கிறதோ அதுதான் வழி. காதைத் தீட்டிக்கொண்டு வாயில் வாயிலாக நின்று கேட்க வேண்டும். தப்பினால் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டியதுதான். ஆனால் அது நம் தவறு. விளையாட்டின் கள்ளத்தனம் அல்ல.

[திரை: செம்மண் மேடுகள், பனைகள்.]

இது சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவந்த மணல்மேடு, பனை, மறுபடி மணல்மேடு. புதிதாக வருகிறவருக்கு எல்லா மேடும் ஒன்றுதான். ஆனால் கீழே பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து மணலைத் தள்ளுகிறது; மணலில் விழும் வரிகள் காற்றுக்குக் குறுக்கே கிடக்கின்றன. காற்று எந்தப் பக்கத்துக் காற்று என்று தெரிந்தவனுக்கு இங்கே திசை காலடியிலேயே எழுதியிருக்கிறது. 2017இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டின் மூடுபனிக் காடும் இதே வழியில் நடக்கிறது: தீப்பந்தங்களின் பொறிகள் காற்றில் எந்தப் பக்கம் பறக்கின்றனவோ அந்தப் பக்கம் போக வேண்டும். விலகினால் பனி வெளுத்து உங்களை விழுங்கிவிடும்.

நான் வைத்திருக்கும் சோதனை இது. விடையை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதன் பிறகும் விளையாட ஏதாவது மிச்சம் இருக்கிறதா? பழைய ஜெல்டாவில் இல்லை. நான்கு வார்த்தைகளில் காடு செத்துவிடுகிறது.

2023இல் வந்த 'தி எக்ஸிட் 8' இதில் முழு மதிப்பெண் வாங்குகிறது. ஜப்பானியச் சுரங்கப்பாதை ஒன்று. ஒரே நடைபாதை திரும்பத் திரும்ப வருகிறது. ஏதாவது மாறியிருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். மாறவில்லையென்றால் மேலே நடக்க வேண்டும். இந்த விதியைச் சொல்லிவிட்டேன், ஆனாலும் எதுவும் கெடவில்லை. சுவரொட்டி முன்பு இப்படியா இருந்தது, கதவின் கைப்பிடி எங்கே என்று நீங்களேதான் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரே இடம் திரும்ப வருவது இங்கே குறையல்ல. திரும்ப வராவிட்டால் மாற்றத்தை எதனோடு ஒப்பிடுவீர்கள்? 2014இல் வந்த 'பி.டி.' என்ற திகில் விளையாட்டின் வளைந்த நடைபாதையும் இந்த ஜாதிதான், கடைசிப் புதிர் வரைக்கும். அந்தப் புதிர் மறுபடியும் குருட்டு ஊகம்.

[திரை: கறுப்புப் பின்னணியில் வெறும் எழுத்துகள்.]

என் சோதனையில் தேறாத ஒன்றை மட்டும் மன்னிக்கிறேன். 1980இல் வீட்டுக் கணினிகளுக்கு வந்த 'ஸோர்க்', படமே இல்லாத எழுத்து விளையாட்டு. அதன் புதிர்வழியில் அறைகள் ஒன்றுபோலவே இருக்கும். கையிலுள்ள பொருளை அறைக்கு ஒன்றாகப் போட்டு அடையாளம் வைப்பதுதான் வழக்கம். அங்கே ஒரு திருடன் உலவுகிறான். போட்டு வைத்த அடையாளத்தையே எடுத்துக்கொண்டு போய்விடுவான். பல்லைக் கடிக்க வைக்கும் குறும்பு. ஆனால் பொருள் காணவில்லை என்பதே, இங்கே வேறொருவன் நடமாடுகிறான் என்ற செய்திதான். புதிர்வழியைத் தாண்டினால் ஒற்றைக்கண் அரக்கனின் அறை, அதற்கு மேலே திருடனின் பதுக்கல் அறை. அவனை அங்கே வீழ்த்தினால், பறிகொடுத்த புதையல்கள் கிடைத்துவிடும்.