சாகாத சாமுராய்கள்: போக்கிமான் கான்க்வெஸ்ட் எப்படிக் கதை சொல்லுது?

[திரை: தீப்பிடித்து எரியும் கோயில், பழைய ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியம்]

1582, ஜூன் மாசம். கியோட்டோவுல ஹொன்னோஜி கோயில். ஜப்பானோட மையப் பகுதியைக் கைக்குள்ள கொண்டுவந்துட்ட ஓடா நொபுநாகா அங்கே தங்கியிருக்கார். காவலுக்குக் கொஞ்சம் பேர்தான். பொழுது விடியறப்போ ஒரு படை கோயிலைச் சுத்தி வளைக்குது. வந்தது எதிரி இல்ல, அவரோட சொந்தத் தளபதி அகேச்சி மிட்சுஹிதே. தப்பிக்க வழியில்லன்னு தெரிஞ்சதும் நொபுநாகா உயிரை மாய்ச்சுக்கிறார். பக்கத்துல நின்னு சண்டை போட்ட இளைஞன் மோரி ரன்மாருவும் அங்கேயே சாகறான்.

[திரை: வெட்டு. பளிச்சென்ற நிறங்கள், நிண்டெண்டோ டிஎஸ்ஸின் இரட்டைத் திரை]

இப்போ அதே மிட்சுஹிதேயைப் பாருங்க. பனி மூடின ஒரு நாட்டுக்குத் தலைவர். கூட ஒரு லாப்ரஸ், அதாவது போக்கிமான்கற கற்பனை விலங்குகள்ல ஒண்ணு. ரன்மாருகிட்ட இன்னொரு போக்கிமான், ரியோலு. நொபுநாகாவுக்குப் பின்னாடி கரிய செக்ரோம் நிக்குது. எல்லாரும் போர்க்கவசத்துல இருக்காங்க, எல்லாரும் நாடு பிடிக்கத்தான் கிளம்பியிருக்காங்க. ஆனா இந்தக் கதை முழுக்க ஒரு துளி ரத்தம் கிடையாது.

2012-ல நிண்டெண்டோ டிஎஸ்ங்கற கையடக்கக் கேம் கருவிக்கு வந்த போக்கிமான் கான்க்வெஸ்ட் இது. உருவாக்கினது டெக்மோ கோயி. மார்ச்ல ஜப்பான்ல வந்தப்போ பேர்லயே நொபுநாகா இருந்தார். ஜூன்ல அமெரிக்காவுக்குப் போனப்போ அவர் பேரை எடுத்துட்டாங்க. அது விற்பனைக் கணக்கு, விடுங்க. நமக்கு வேண்டியது வேற. ஜப்பான் வரலாற்றுலயே ரொம்பக் கொடூரமான நூற்றாண்டுகள்ல ஒண்ணு. அதை யாருமே சாகாத ஒரு உலகத்துல எப்படிச் சொன்னாங்க?

[திரை: இரண்டு கேம்களின் தலைப்புப் படங்கள் பக்கத்துப் பக்கத்தில்]

முதல்ல, இங்கே ஒண்ணு சேர்ந்தது போக்கிமான், நொபுநாகாஸ் ஆம்பிஷன்னு ரெண்டு கேம் மட்டும் இல்ல, கதை சொல்ற ரெண்டு முறை. போக்கிமான் கதையை ஒரே மூச்சுல சொல்லிடலாம்: சின்ன ஊர்ல ஒரு பிள்ளை, அதுக்கு ஒரு போக்கிமான், வழியில 8 ஜிம் (ஒவ்வொண்ணுலயும் ஒரு வகைப் போக்கிமான் வெச்சிருக்கிற தலைவரை ஜெயிக்கணும்), நடுவுல ஒரு கெட்ட கும்பல், அவங்க தட்டி எழுப்பப் பார்க்கிற ஒரு ஆதிகாலப் போக்கிமான், கடைசியில சாம்பியன். 1996-ல இருந்து பெரும்பாலும் இதுதான் தடம்.

கோயி 1983-ல ஆரம்பிச்ச நொபுநாகாஸ் ஆம்பிஷன் இதுக்கு நேர் எதிர். அதுல நிலையான கதாநாயகனே கிடையாது. வரைபடத்துல இருக்கிற பிரபுக்கள்ல ஒருத்தரை நீங்க எடுத்துக்கணும். நெல், வரி, படை, கூட்டணி எல்லாம் உங்க பொறுப்பு. வரலாற்றுல நடந்தது உங்க ஆட்டத்துல நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கதையை எழுதறது கேம் இல்ல, நீங்க.

ஒண்ணுல தண்டவாளம், இன்னொண்ணுல திறந்த வெளி. கான்க்வெஸ்ட் ரெண்டையும் விடல. எதை எங்கே வெச்சதுங்கறதுலதான் விஷயம் இருக்கு.

[திரை: ரான்சே வரைபடம். 17 நாடுகளும் ஒவ்வொரு நிறத்தில்]

ரான்சேங்கற நிலப்பரப்பு. 17 நாடு. அப்போ போக்கிமான்ல மொத்தம் 17 வகை, அதனால வகைக்கு ஒரு நாடு. இக்னிஸ் நெருப்பு, வைலைட் மின்சாரம், டெர்ரெரா நிலம், ட்ராக்னார் டிராகன். பழைய ஜிம் கணக்குதான், கட்டடத்துக்குப் பதிலா கோட்டை. 17-ஐயும் யார் ஒண்ணு சேர்க்கறாங்களோ அவங்க முன்னாடி ரான்சேயைப் படைச்ச போக்கிமான் தோன்றும்னு ஒரு ஐதீகம். அதுதான் ஆர்சியஸ். வரைபடத்தைக் கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா, நிலமே ஆர்சியஸ் உருவத்துலதான் இருக்கு.

நிஜத்துல ஏன் சண்டை வந்தது? 1467-ல இருந்து 1477 வரைக்கும் நடந்த ஓனின் போர்ல, நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனோட அதிகாரம் சரிஞ்சுபோச்சு. அப்புறம் நிலம், நெல்லு, வரி, வாரிசுச் சண்டைன்னு நூறு வருஷத்துக்கு மேல இழுத்துது. கேம் இது அத்தனையையும் எடுத்துப்போட்டுட்டு ஒரே ஒரு ஐதீகத்தை வெச்சிடுச்சு. நொபுநாகா எல்லா நாட்டையும் பிடிச்சுட்டு ரான்சேயையே அழிக்கப்போறார்னு பேச்சு. அவரைத் தடுக்கணும். அவ்வளவுதான் மெயின் கதை. என்னைக் கேட்டா ரொம்பத் தட்டையான கதை இது. அடிப்படை ஆட்டத்தைச் சொல்லித்தர்றதுக்கு மேல பெருசா எதுவும் செய்யல.

ஆனா கேம் தன்னோட நல்ல சரக்கை வசனத்துல வைக்கல. யாரு கையில எந்தப் போக்கிமானைக் கொடுத்தாங்கங்கறதுல வெச்சிருக்கு.

[திரை: ஹிதேயோஷி, பக்கத்தில் சிம்சார்]

ஆட்டத்தோட ஆரம்பத்துலயே இக்னிஸ் நாட்டுத் தலைவர் ஹிதேயோஷியைச் சந்திப்பீங்க. சாதாரணக் குடும்பத்துல பிறந்து, நொபுநாகாகிட்ட எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, கடைசியில ஜப்பானையே ஒண்ணாக்கின ஆள். ஜப்பான்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும், அவரோட பட்டப்பேர் 'குரங்கு'. கையில சிம்சார், நெருப்புக் குரங்கு. ஒரு வார்த்தை விளக்கம் இல்ல. தெரிஞ்சவன் சிரிப்பான், தெரியாதவன் 'அழகா இருக்கே'ன்னு போயிடுவான்.

இதுல ஒரு வேடிக்கை. நொபுநாகா ஹிதேயோஷியோட மனைவி நெனேவுக்கு எழுதின கடிதம் ஒண்ணு இன்னிக்கும் இருக்கு. அதுல அவர் ஹிதேயோஷியைக் குரங்குன்னு சொல்லல, 'வழுக்கை எலி'ன்னுதான் எழுதியிருக்கார். அந்தக் கணக்குல பார்த்தா உலகத்துலயே பிரபலமான எலி ஹிதேயோஷிகிட்டதான் போயிருக்கணும். ஆனா அந்த எலி, பிக்காச்சு, போனது அவரோட வியூக வகுப்பாளர் தகேனாகா ஹன்பேகிட்ட. நோயாளி, 1579-ல சின்ன வயசுலயே இறந்துபோனவர். அவருக்கு இந்த விளையாட்டுத் தோழனைக் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

[திரை: மின்னல் வெட்டு. கின்ச்சியோவும் லக்ஸியோவும்]

இன்னும் நெருங்கிப் பார்க்கணும்னா வைலைட். மின்சார நாடு, தலைவி தாச்சிபானா கின்ச்சியோ. இவங்க அப்பா தாச்சிபானா தோசெட்சு. ஒரு மரத்தடியில இருந்தப்போ மின்னல் விழுந்துச்சு, அவர் வாளை உருவி மின்னலையே வெட்டினார்னு ஒரு கதை. அந்த வாளுக்கே மின்னலை வெட்டினதுன்னு பேர் வந்துடுச்சு. 1575-ல, பத்து வயசு கூட ஆகாத தன்னோட பொண்ணைக் குடும்பத் தலைவி ஆக்கினதும் இதே தோசெட்சுதான். கேம்ல அந்த அப்பா கதையை யாரும் உட்காந்து சொல்லல. மின்சார நாட்டைப் பொண்ணு கையில கொடுத்து, கூட மின்சாரப் போக்கிமான் லக்ஸியோவை நிறுத்தியிருக்காங்க. அப்பாவோட மின்னல் பொண்ணுக்குச் சீதனமா வந்த மாதிரி.

தகேதா ஷிங்கேன் பக்கம் வாங்க. அவரோட கொடியில காற்று, காடு, நெருப்பு, மலைன்னு நாலு உருவகம்: காற்று மாதிரி வேகம், காடு மாதிரி அமைதி, நெருப்பு மாதிரி ஆவேசம், மலை மாதிரி அசையாமை. சுன் ட்சுவோட போர்க்கலை நூல்ல இருந்து எடுத்தது. அந்த நாலுல கேம் கடைசியைப் பிடிச்சுக்கிச்சுன்னு நினைக்கிறேன். ஷிங்கேனோட நாடு நிலவகை டெர்ரெரா, கூட நிக்கிறது பாறை மலை மாதிரி ரைபீரியர். அவரோட ஜென்ம எதிரி உஏசுகி கென்ஷினுக்கு இல்லூசியோ, மனோசக்தி நாடு, கை ரெண்டும் வாளா இருக்கிற கல்லேட். கென்ஷின் தன்னைப் போர்த் தெய்வம் பிஷாமொன்தெனோட அருள் பெற்றவரா நினைச்சவர். கனவுலகம் மாதிரி ஒரு நாடும் ஒரு வாளும் அவருக்குப் பொருந்தித்தான் போகுது.

இவங்க ரெண்டு பேரும் கவானகாஜிமாவுல 1553-ல இருந்து 1564 வரைக்கும் 5 தடவை மோதினாங்க. 1561-ல கென்ஷின் தனியா குதிரையில பாய்ஞ்சு வந்து வெட்டினார், ஷிங்கேன் உட்கார்ந்த இடத்துலயே இரும்பு விசிறியால தடுத்தார்னு சொல்லுவாங்க. பாய்ஞ்சு வர்ற வாள், அசையாத பாறை. இப்போ கேமோட போர்க்கட்டத்துல கல்லேட்டையும் ரைபீரியரையும் எதிரெதிரா நிறுத்திப் பாருங்க. நீங்களே அந்தக் காட்சியை ஆடிட்டு இருப்பீங்க.

எல்லா ஜோடியும் இவ்வளவு கச்சிதம் இல்ல. கிரீன்லீஃப் நாட்டுத் தலைவர் மோட்டோநாரிக்கு ஏன் ஸ்னைவி வரிசைப் போக்கிமான்னு கேட்டா எனக்கு நல்ல பதில் தோணல. ஆனா ஒரு பொருத்தமின்மை மட்டும் வேணும்னே பண்ணினதுன்னு படுது. தாதே மசமுனே. சின்ன வயசுல அம்மை வந்து ஒரு கண் போச்சு, 'ஒற்றைக்கண் டிராகன்'னு பேர். அவருக்கு டிராகன்தானே வரணும்? வந்தது பிரேவியரி, பறவை. ஏன்னா டிராகன் நாற்காலியில ஏற்கெனவே நொபுநாகா உட்கார்ந்தாச்சு. இது போக்கிமான் பக்கத்து மரபு. முதல் கேம்லயே, முடிவுல மோத வேண்டிய உயர்மட்ட நால்வர்ல கடைசியா வர்ற லான்ஸ் டிராகன்காரர்தான். டிராகன்னா பயணத்தோட கோடி. வரலாறும் கேம் மரபும் முட்டிக்கிட்ட இடத்துல மரபு ஜெயிச்சது.

[திரை: போர்க்கட்டம். ஈவி, ஜிகிலிபஃப் ஒரு பக்கம்]

சரி, சாவை என்ன பண்ணினாங்க?

கட்டம் போட்ட களம். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 6 போக்கிமான். மெயின் கேம்கள்ல ஒரு போக்கிமானுக்கு 4 தாக்குதல் இருக்கும், இங்கே ஒண்ணே ஒண்ணு. அதனால போக்கிமான் அந்த வீரனோட ஆயுதம் மாதிரியே ஆயிடுது. வில்லாளி வில்லாளிதான், திடீர்னு ஈட்டி எடுக்க மாட்டான். வீரனுக்குத் தனியா ஒரு திறமை உண்டு, ஒரு போர்ல ஒரு தடவை பயன்படுத்தலாம். போக்கிமான் மயங்கினா அந்த வீரன் களத்தை விட்டு வெளியே. அவ்வளவுதான். தோத்தவன் நாடோடியாத் திரிவான், இல்ல உங்ககிட்ட வந்து சேருவான். 4 சுற்றுக்குள்ள வீழ்த்துறது மாதிரி சில நிபந்தனைகள் இருக்கு, அப்படி நல்லா ஜெயிச்சா 'உங்க கூட வர்றேன்'னு வந்து நிப்பான்.

இதைக் குழந்தைத்தனம்னு ஒதுக்கிடலாம். ஆனா அந்தக் காலத்துல தோத்த பிரபுவோட ஆட்கள் ஜெயிச்சவர்கிட்ட வேலைக்குச் சேர்றது சகஜமா நடந்ததுதான். இமாகாவா யோஷிமோட்டோ 1560-ல ஒகேஹஸாமாவுல தலையை இழந்ததும், அவருக்குக் கீழே இருந்த தொகுகாவா இயேயாசு கொஞ்ச வருஷத்துல நொபுநாகாவோட கூட்டாளி ஆயிட்டார். கேம் தலை வெட்டினதை எடுத்துட்டு, பக்கம் மாறினதை மட்டும் வெச்சுக்கிட்டிருக்கு. அந்த யோஷிமோட்டோவும் இங்கே உயிரோட, சந்தோஷமா, பந்து உதைக்கற பிரபுவா, உருண்டையான பைன்கோவோட சுத்திக்கிட்டு இருக்கார்.

மனுஷங்களும் இங்கே பரிணாமம் அடையறாங்க. முக்கியமான தலைவர்கள் சில நிபந்தனையை நிறைவேத்தினா உடை, தோற்றம், திறமை எல்லாம் மாறும். சிம்சார் மாதிரியே அதோட எஜமானும் வளரறார். போக்கிமானுக்கும் வீரனுக்கும் நடுவுல உள்ள பிணைப்பைச் சதவீதத்துல காட்டுவாங்க. ஒரு வீரனோட 100 தொடற போக்கிமான் ஒரு சிலதுதான். நொபுநாகாவுக்குச் செக்ரோம், ஹிதேயோஷிக்கு ரெஷிராம். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வந்த போக்கிமான் கேம்ல எதிரெதிர்த் துருவங்களா நின்ன கருப்பும் வெள்ளையும் இங்கே எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் பிரிஞ்சிருக்கு.

குறை சொல்லணும்னா, பெரிய தலைகளைத் தாண்டினா மத்த வீரர்கள் வெறும் பேர்தான். ஒரே முகம் நிறைய பேருக்குத் திரும்பத் திரும்ப வரும். அவங்களுக்குக் கதையும் கிடையாது, வசனமும் ஒட்டாது.

[திரை: எபிசோட் பட்டியல், ஒவ்வொன்றிலும் ஒரு தலைவரின் முகம்]

மெயின் கதை முடிஞ்ச பிறகுதான் கோயியோட கை தெரியுது. 30-க்கும் மேல தனித்தனி எபிசோடுகள், ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு தலைவர். அதே நிலம், அதே ஆட்கள், ஆனா ஆட்டம் வேற இடத்துல ஆரம்பிக்கும். சிலதுல முழு ரான்சேயும் வேண்டாம், சில நாடு பிடிச்சாப் போதும். சிலதுல ஆளோ போக்கிமானோ சேர்க்கறதுதான் இலக்கு. போன கதையில நீங்க துரத்தினவர் இதுல நீங்களா இருப்பீங்க. ஒரு மாசம் ஒரு சுற்றுன்னு காலம் நகரும். யாரை முதல்ல அடிக்கணும், யாரை விட்டுவைக்கணும்னு உங்க கையில. நொபுநாகாஸ் ஆம்பிஷனோட பழைய மரபு இதுதான்: யாரோட கண்ணுல பார்க்கிறோமோ அவர்தான் நாயகன். தண்டவாளத்தை முன்னாடி போட்டு, திறந்த வெளியைப் பரிசாப் பின்னாடி வெச்சிருக்காங்க. பாதிப் பேர் கடைசி போர் முடிஞ்சதும் கேமை மூடி வெச்சிருப்பாங்களோன்னு எனக்கு ஒரு வருத்தம்.

[திரை: ஓஇச்சியும் ஜிகிலிபஃபும்]

ஓஇச்சியைப் பத்திச் சொல்லாம விட்டா தப்பு. நொபுநாகாவோட தங்கச்சி. நிஜத்துல அண்ணன் அவங்களை அஸாய் நாகமசாவுக்குக் கட்டிக்கொடுத்தார், கூட்டணிக்காக. புருஷன் பக்கம் மாறினப்போ, ரெண்டு பக்கமும் கட்டின பயறுப் பையை அண்ணனுக்கு அனுப்பி 'ரெண்டு பக்கமும் வளைக்கப் போறாங்க'ன்னு எச்சரிச்சாங்கன்னு ஒரு கதை உண்டு. 1573-ல அண்ணனோட படை அஸாய் குடும்பத்தை அழிச்சது. மறுபடி கல்யாணம். 1583-ல ரெண்டாவது புருஷன் ஷிபாதா கட்சுயியே ஹிதேயோஷிகிட்ட தோத்தப்போ, கோட்டையிலயே அவரோட சேர்ந்து உயிரை விட்டாங்க.

கேம்ல இவங்கதான் உங்க முதல் துணை. யாரும் கட்டிக்கொடுக்கல. அண்ணன் செய்றது சரியில்லன்னு தானா எதிர்ப்பக்கம் நிக்கிறாங்க. கூட ஒரு ஜிகிலிபஃப். மத்தவங்களுக்கெல்லாம் வரலாற்றைப் போக்கிமானா மாத்தின கேம், இவங்களுக்கு மட்டும் வரலாற்றையே மாத்திக் கொடுத்திருக்கு. ஆனா 17 நாட்டுல ஒண்ணு கூட இவங்க பேர்ல இல்ல. வகைக்கு ஒரு நாடுன்னு முடிவான பிறகு இடமும் இல்ல.

அடுத்த வருஷம், 2013-ல போக்கிமான்ல 18-வது வகையா ஃபேரி வந்தது. ஜிகிலிபஃபும் ஃபேரி ஆச்சு. கான்க்வெஸ்டோட அடுத்த பாகம் மட்டும் வரவே இல்ல. வந்திருந்தா அந்த 18-வது கோட்டை யாருக்குன்னு எனக்குச் சந்தேகமே கிடையாது.