காய்ச்சல் விட்ட நாளில்

நேயர்களுக்கு வணக்கம்.

மலையகத்தில் நாம் காய்ச்சலைக் குளிரின் குற்றமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். மழையில் நனைந்து கொழுந்து பறித்ததால் வந்தது என்று சொல்லி, கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கம்பளிக்குள் முடங்கிக்கொள்கிறோம். கொத்தமல்லித் தண்ணீரில் தவறில்லை. உடலுக்கு நீராவது சேர்கிறது. கம்பளியோடுதான் எனக்கு வழக்கு. தலையில் குல்லாவும் மேலே இரண்டு போர்வையுமாக, கழுத்தடியில் வியர்வை ஊறக் கிடக்கும் குழந்தைகளை தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து அறைகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். நடுக்கம் நின்றதும் போர்வையை விலக்கிவிட்டால்தான் சூடு வெளியேறும்.

காய்ச்சல் தனியொரு நோயன்று; கிருமி புகுந்ததை உணர்ந்த உடல், தன் வெப்பத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும் செயல் அது. 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைட், அதன் தொடக்க எல்லை. ஆயினும் அந்த எண்ணைவிட, இது எத்தனையாவது நாள் என்ற கணக்கே வைத்தியருக்குப் பெரிதும் உதவும் என்பதால், தொடங்கிய நாளைச் சுவர்க் கலண்டரில் குறித்து வையுங்கள்.

டெங்கு கொழும்பு நோய் என்று இருந்துவிட முடியாது. அங்கே கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது அதையும் உடலில் சுமந்து வரக்கூடும். டெங்கின் ஆபத்தான கட்டம், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் தணியும் வேளையில்தான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிவது அப்போதுதான். “காய்ச்சல் விட்டுவிட்டது, அரைப் பேராவது, அதாவது அரைநாள் கூலியாவது, விழட்டும்” என்று தேயிலை மலைக்கு ஏறும் காலை அதுவாகவே இருக்கலாம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்று வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கன்று, வைத்தியசாலைக்கே போக வேண்டும்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். அதுவரை வளர்ந்தவர்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் பெனடோல் (பரசிட்டமோல்) மாத்திரை இரண்டு எடுக்கலாம். குழந்தைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது. அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால், கடையில் “உடம்பு வலிக்கு” என்று கேட்டு வாங்காதீர்கள். வயலிலோ சேற்று வடிகானிலோ இறங்கியவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும்; இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கோ நாள் கணக்கே கிடையாது. உடல் சுட்டால் விடியும்வரை காத்திராமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழையுங்கள். லயத்துக்குப் பாதை இல்லையென்றால், வண்டி நிற்கக்கூடிய சந்தியின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.