சேர்வர் பெட்டி நெட்வேர்க்கில் தெரியவில்லையா? ரீசெட் பொத்தானை விடுங்கள், ஐபி இலக்கத்தைப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. கலியாண வீட்டுப் படம், நல்லூர்த் திருவிழா வீடியோ எல்லாம் போட்டு வைக்கிற இந்தச் சின்னச் சேர்வர் பெட்டி, கரண்ட் போய் வந்த பிறகு கணினியில் தெரியவில்லை என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். தயவுசெய்து ரீசெட் பொத்தானை அழுத்தாதீர்கள். பெரும்பாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்குப் போகிற வழியில்தான் பிழை.

முதலில் நெட்வேர்க் வயர். செருகுகிற இடத்தில் லைட் எரிகிறதா? எரியாவிட்டால் வேறு வயர் போட்டுப் பாருங்கள். குருநகர், பாசையூர்ப் பக்கம் இருப்பவர்கள் செருகியின் முனைகளையும் பாருங்கள், உப்புக்காற்று அரித்திருக்கும்.

லைட் எரிகிறது, சரி. இப்போது பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கரண்ட் வந்ததும் பெட்டியும் ரவுட்டரும் ஒன்றாக எழும்பும். பெட்டி ஐபி இலக்கம் (நெட்வேர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள முகவரி) கேட்கிற நேரம் ரவுட்டர் தயாராக இல்லாவிட்டால், பல பெட்டிகள் 169.254 என்று தொடங்கும் இலக்கத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். அப்போது பட்டியலில் பெட்டியே இருக்காது. நெட்வேர்க் வயரை மட்டும் கழற்றி, கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் செருகுங்கள். பெட்டி மறுபடி இலக்கம் கேட்கும். ஆனால் கரண்ட் வயரை இழுக்க வேண்டாம், டிஸ்க் பழுதாகலாம்.

சில நேரம் பெட்டி பட்டியலில் இருக்கும், இலக்கம் மாறியிருக்கும். நேற்று 192.168.1.20, இன்று 192.168.1.35. உங்கள் கணினி பழைய இலக்கத்தையே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்று ஓர் இடம் இருக்கும். பெட்டியின் மக் முகவரிக்கு (MAC, அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரே இலக்கத்தை ஒதுக்கிவிடுங்கள். மின்வெட்டு உள்ள ஊரில் இதைச் செய்யாமல் சேர்வர் வைக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

அடுத்தது, இரண்டு ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகள். பைபர் ஒன்று, அது நின்றால் பாவிக்க 4ஜி ஒன்று. பெட்டி பைபரில் 192.168.1 வரிசையில் இருக்கும், மடிக்கணினி 4ஜி வைஃபையில் 192.168.8 வரிசையில் இருக்கும். ஒரே வளவுக்குள் வேலி அடைத்த இரண்டு வீடு மாதிரி, ஒன்றை ஒன்று பார்க்காது. கணினியில் ஐபிகான்பிக் (ipconfig) என்ற கட்டளையை அடித்தால் உங்கள் இலக்கம் தெரிந்துவிடும். விருந்தினர் வைஃபையில் இருந்தாலும் பெட்டி தெரியாமல் போகலாம்.

எல்லாம் ஒரே வரிசை, பிங் (ping, பெட்டி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் பதிலும் வருகிறது, கோப்புறை மட்டும் திறக்கவில்லையா? விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அனுமதியை ஏற்காது. விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்தாதீர்கள், பெட்டியில் உங்களுக்கென்று ஒரு பயனர் கணக்கை உருவாக்குங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் கீழே எழுதுங்கள். கணினியின் ஐபி, பெட்டியின் ஐபி இரண்டையும் போடுங்கள், லைட் எரிகிறதா என்றும் சொல்லுங்கள். கடவுச்சொல்லை மட்டும் போட்டுவிடாதீர்கள்.