தப்பு என்று சொல்ல ஒரு ஆள்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியின் மூன்றாவது நாற்காலியில் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரரே, வண்ணாரப்பேட்டை மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஓய்வுக்காலத்தில் இசை இன்பம் கேட்பதிலா, கற்பதிலா என்பது தலைப்பு. கற்பதில்தான் என்று பேச வந்திருக்கிறேன். பாரிமுனையில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் 34 வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். 58 வயதில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதுவரை நேரம் பார்க்க நேரமில்லை. இனிமேல் நேரம் பார்ப்பதுதான் வேலை என்று அதற்கு அர்த்தம் போலிருக்கிறது.

எதிரணித் தலைவர் எழுந்ததும் திருவள்ளுவரைப் பிடித்துக்கொண்டார். "செல்வத்துள் செல்வஞ் செவிச்செல்வம்" என்றார், நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அது எந்த அதிகாரம்? 42ஆவது, கேள்வி. அதே அதிகாரத்தில் மூன்று குறள் தள்ளி "கற்றில னாயினுங் கேட்க" என்கிறார். படிக்கவில்லையென்றாலும் பரவாயில்லை, கேட்டாவது வை என்று அர்த்தம். கேட்பது இரண்டாவது பந்தி ஐயா. முதல் பந்தி 40ஆவது அதிகாரத்திலேயே போட்டாகிவிட்டது. அங்கே "சாந்துணையுங் கல்லாத வாறு" என்று முடிகிற குறள் ஒன்று உண்டு. சாகிறவரை ஒருவன் கல்லாமல் இருக்கிறானே, ஏன் என்று கேட்கிறார். அவர் கணக்கில் ரிட்டயர்மென்ட் வயதே கிடையாது.

அடுத்து என் வீட்டுக்காரர் பேசினார். மகன் வாங்கித் தந்த பெட்டியில் ஐயாயிரம் பாட்டு இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் சொர்க்கம் என்றார். அந்தச் சொர்க்கத்தில் நானும்தான் குடியிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு அழுத்துவார். நான் கத்தரிக்காய் நறுக்குவேன், அவர் பேப்பர் படிப்பார், பாட்டு தன்பாட்டுக்கு ஓடும். இப்போது முடிந்தது என்ன பாட்டு என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. மத்தியானம் மறுபடி அழுத்துவார். மூன்றாவது பாட்டுக்குள் குறட்டை வந்து சுதி சேர்ந்துவிடும்.

கேட்பதற்கு நான் விரோதி இல்லை. மார்கழியில் பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்கி, சபாக்களில் டிக்கெட் இல்லாத மத்தியானக் கச்சேரிகளைக் கேட்கிறவள்தான். அவ்வளவு தூரம்கூட வேண்டாம், 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் நம் பக்கத்திலேயே, ராஜா அண்ணாமலை மன்றத்தில் இருக்கிறது. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் வாசித்ததை எதிரணி அம்மா உருக்கமாகச் சொன்னார். யார் போய்க் கேட்டார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார். பெரிய பெரிய வித்வான்கள் போனார்கள், கற்றுக்கொள்ளப் போனார்கள். அவர்கள் எங்கள் அணி!

இன்னொன்று. எதிரணியின் கட்சி முழுவதும் காது என்கிற ஒரே தூணில் நிற்கிறது. நம் வயதில் அந்தத் தூண் எப்படி இருக்கிறது? வயதானால் முதலில் போவது மேல் ஸ்தாயிச் சத்தம். குருவி, கொலுசு, பேச்சில் 'ச', 'ஸ' எல்லாம் மங்கும். எனக்கு இரண்டு வருடமாகக் காது மெஷின். அது பேச்சைக் கேட்பதற்கென்று செய்தது. புல்லாங்குழல் நீளமாக ஒரு ஸ்வரம் பிடித்தால், தன்னிடமிருந்துதான் விசில் வருகிறதோ என்று சந்தேகப்பட்டு அதை அமுக்கப் பார்க்கும். நான் வாசிக்க உட்கார்ந்தால் மெஷினைக் கழற்றி வைத்துவிடுவேன். மடியில் பலகை அதிர்கிறதே, பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

என்ன பலகை என்கிறீர்களா? புல்புல் தாரா. நம் கானாக் கச்சேரிகளில் பார்த்திருப்பீர்கள்: நீளப் பெட்டி, மேலே கம்பிகள், டைப்ரைட்டர் மாதிரி வரிசையாகக் கட்டைகள். 61 வயதில், எங்கள் தெருவில் ஒரு பதினாறாம் நாள் காரியத்தில் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். கட்டையைப் பார்த்ததும் இடது கை தானாக ஏ, எஸ், டி, எஃப் என்று உட்கார்ந்துகொண்டது. வலது கைதான் திண்டாடியது. 34 வருடம் எழுத்து அடித்த கையிடம் கம்பியை மட்டும் மீட்டு என்றால் எப்படிக் கேட்கும்?

"ஜப்பான் பொம்மையில் என்ன சங்கீதம்?" என்று எதிரணியில் ஒருவர் சிரித்தார். ஜப்பான்தான், ஒத்துக்கொள்கிறேன். 1912இல் நகோயா ஊரில் பிறந்தது. கமகமும், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற நெளிவும், சரியாக வராது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதே மாதிரிக் குறை சொல்லித்தான் ஆர்மோனியத்தை 1940இல் வானொலி ஒதுக்கியது, 1971இல்தான் மனசு இளகியது. ஆனால் வயலின் எங்கே பிறந்தது ஐயா, திருவையாற்றிலா? முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் நம் மணலியில், முதலியார் ஆதரவில் இருந்த காலத்தில், அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு வெள்ளைக்காரரிடம் உட்கார்ந்து வயலின் கற்றார். இன்றைக்கு அது இல்லாமல் கச்சேரி மேடை உண்டா? மணலிக்கு ஒரு நியாயம், வண்ணாரப்பேட்டைக்கு ஒரு நியாயமா?

இப்போது என் குருநாதருக்கு வருகிறேன். வயது 26. பகலில் ஆட்டோ ஓட்டுகிறார், ராத்திரியில் கானாவுக்கு வாசிக்கிறார். நான் "மாஸ்டர்" என்பேன். அவர் என்னை "ஆன்ட்டி" என்பார். ஒரே இடத்தில் மூன்றாவது தடவை தப்பு செய்தால் ஆன்ட்டி போய்விடும். "இன்னா ஆயா, கை எங்க கீது, மனசு எங்க கீது?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வகுப்புக்குப் போகிறேன் நடுவர் அவர்களே. சிரிக்காதீர்கள், யோசித்துப் பாருங்கள். வேலையை விட்ட பிறகு நம்மிடம் யாராவது "இது தப்பு" என்று சொல்கிறார்களா? சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தால் மருமகள் சத்தமில்லாமல் தண்ணீர் ஊற்றுகிறாள். சொன்ன கதையையே திரும்பச் சொன்னால் மகன் தலையாட்டுகிறான். பேங்கில் படிவத்தைத் தப்பாக எழுதினால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாங்கி அவளே எழுதிவிடுகிறாள். எல்லாம் அன்புதான். ஆனால் அந்த அன்புக்குள் ஒரு சேதி இருக்கிறது: 'இவங்க இனிமே திருந்த வேண்டியதில்லை.' டைப்பிங் பரீட்சையில் ஒவ்வொரு தப்புக்கும் மதிப்பெண் பிடித்தார்கள். ஆபீசில் ஒரு சைபர் விட்டுப்போனால் மேனேஜர் அறையிலிருந்து சத்தம் வரும். அதெல்லாம் நான் இன்னும் நன்றாகச் செய்வேன் என்று என்னிடம் யாரோ எதிர்பார்த்த காலம். அந்த எதிர்பார்ப்பை இப்போது என்மேல் வைத்திருப்பது அந்த ஆட்டோக்காரப் பிள்ளை ஒருவன்தான். ஐயாயிரம் பாட்டுப் பெட்டி என்னை ஒருநாளும் "ஆயா" என்று திட்டாது. நான் கேட்டாலும் பாடும், கேட்காவிட்டாலும் பாடும்.

போன வைகாசியில் எங்கள் எதிர்வீட்டு அக்கா தவறிப்போனார். நான் பயிற்சி செய்யும்போதெல்லாம் ஜன்னலை மூடாத ஒரே ஆள் அவர். (மற்றவர்கள் மூடியது நியாயம்தான், முதல் ஆறு மாதம் நானே மூடியிருப்பேன்.) ராத்திரிக்கு ராத்திரியாகக் கானாக்காரர்கள் வந்தார்கள். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவது நம் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியாததா. இரண்டு மணிக்கு மாஸ்டர் கை ஓய்ந்துபோய், பெட்டியை என் பக்கம் தள்ளினார். ஆம்பளைகள் உட்காரும் பாய் அது. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றரைப் பாட்டு. அதையே நாலு மணிவரை திருப்பித் திருப்பி வாசித்தேன். விடிந்ததும் அக்காவின் மகன் வாசித்தவர்களுக்கு டீ கொண்டுவந்தான், எனக்கும் ஒரு கிளாஸ் இருந்தது. அக்காவுக்காக அழ வந்த கூட்டத்தில் என் கைக்கு ஒரு வேலை இருந்தது. கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்குமா என்பதை எதிரணியே சொல்லட்டும்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர் மறுத்தால் மறுக்கட்டும். நேற்று சாயங்காலம் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது தன் பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டு வந்து, "அந்த ரெண்டாவது வரியில ஏதோ இடிக்குதே" என்றார். பார்த்தீர்களா, மின்விசிறியை விட்டு இப்போதுதான் கீழே பார்க்கிறார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். தீர்ப்பைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள் ஐயா. ஆறு மணிக்கு எனக்கு வகுப்பு இருக்கிறது. ஐந்து நிமிடம் தாமதமானாலும் வாசலிலேயே ஆயாவாக்கிவிடுவார்.