காய்ச்சலை ஏன் மறைத்தோம்?

[காட்சி: ஒரு இரும்புக் கேற். அதில் ஓரம் கிழிந்த கடதாசி ஒன்று ஒட்டியிருக்கிறது.]

வீட்டைத் தனிமைப்படுத்தியதாகச் சொன்ன இந்தக் கடதாசியை நினைவிருக்கிறதா? கொவிட் பரவிய 2020இலும் 2021இலும் இலங்கையின் கிழக்கில், காத்தான்குடியிலோ கல்முனையிலோ வாழைச்சேனையிலோ இருந்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து கேற்றில் ஒட்டிவிட்டுப் போவார். அவருடைய மோட்டார் சைக்கிள் முடக்குத் திரும்புவதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் மூடிவிடும்.

புதிதாக ஒரு தொற்றுநோய் வந்தால் கை கழுவுங்கள், மாஸ்க் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். நான் பேச வந்தது வேறு. காய்ச்சல் வந்தபோது நம்மில் பலர் அதை மறைத்தோம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்தக் கடதாசியில் இருந்த 14 நாள் கணக்கு. 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி நம் மாவட்டத்துப் புணானைக்குக் கொண்டுவந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கென்று கட்டிய கட்டடம் தனிமைப்படுத்தல் நிலையமானது. கொவிட் கிருமி உடம்புக்குள் போனவுடனே காய்ச்சல் வந்துவிடவில்லை. பெரும்பாலானோருக்கு 5, 6 நாள் எடுத்தது, சிலருக்கு 14 நாள் வரை போனது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, காய்ச்சல் தெரிவதற்கு 2 நாள் முன்பே ஒருவர் அதைப் பரப்பத் தொடங்கிவிடுவார். தனக்கு நோய் இருப்பது அவருக்கே தெரியாது. அதனால்தான் சுகமாக இருப்பவரையும் வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

அடுத்து வரும் நோய்க்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கும். எபோலாவுக்கு 21 நாள் வரை போகும். ஆனால் அறிகுறி தெரிந்த பிறகுதான் அது மற்றவருக்குத் தொற்றும். ஆகவே புதிய நோய் என்றால் முதல் கேள்வி, 'எத்தனை நாளில் தெரியும், எப்போதிலிருந்து பரவும்?'

[காட்சி: சாம்பிராணித் தட்டு. பூட்டிய அறையில் புகை சுழல்கிறது.]

எப்படிப் பரவும் என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சின்ன அறையில் சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்துங்கள். தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகும் புகை அங்கேயே நிற்கும். இருமும்போதும் பேசும்போதும் வருகிற மிக நுண்ணிய துளிகளும் அப்படித்தான். ஆள் போய்விட்டாலும் காற்றில் கொஞ்ச நேரம் தொங்கும். இப்போது ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் நோயாளிக்கென்று தனி அறை இருக்கிறது? இரண்டு அறைக்குள் எட்டுப் பேர். அப்படியான வீட்டில் ஜன்னலோரமாக ஒரு பாய், விறாந்தையில் ஒரு கதிரை, உள்ளே இருக்கும்போது எல்லோருக்கும் மாஸ்க். இவ்வளவாவது முடியும்.

மாஸ்க் பற்றி ஒரு விஷயம். தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் சுகமாக இருப்பவர் மாஸ்க் போடத் தேவையில்லை என்றது. 2020 ஜூன் 5இல், நெரிசலான இடங்களில் பொதுமக்களும் போட வேண்டும் என்று மாற்றியது. "நேற்று ஒன்று, இன்று ஒன்று, இவர்களை எப்படி நம்புவது?" என்று எங்கள் தெருவிலும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் புதிய நோய் என்றால் வைத்தியர்களுக்கும் அது புதிது. பார்க்கப் பார்க்கத்தான் விளங்கும். விளங்கியதும் பேச்சை மாற்றுகிறவரைத்தான் நான் நம்புவேன்.

சரி, மறைத்த கதைக்கு வருவோம்.

2020 கடைசியில் எங்கள் மாமிக்குக் காய்ச்சல். பனடோலைப் போட்டுக்கொண்டு சமையல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கிணற்றடிக்குப் போனவர் வாளியைக் கூடத் தூக்காமல் கிணற்றுக் கட்டின் மேல் குந்திவிட்டார். ஒரு வசனத்தை முடிக்க இரண்டு தரம் மூச்சு எடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"ஆருக்கிட்டயும் சொல்லிராத புள்ள. கொண்டு போனா மையித்தக் கூடத் தரமாட்டாங்க. எரிச்சிருவாங்க."

மாமி பயந்தது நோய்க்கு அல்ல, மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, எரிப்பதற்கு. முஸ்லிம்களான நாங்கள் இறந்தவரை அடக்கம்தான் செய்வோம். அந்த நாட்களில் கொவிட்டால் இறந்த எல்லோருடைய உடலையும் எரிக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று காரணம் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனமோ 2020 மார்ச்சிலேயே புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் ஆகும் என்று சொல்லிவிட்டது. எபோலாவில் இறந்தவரின் உடலைத் தொட்டால் தொற்றும் என்பது உண்மை. கொவிட்டுக்கு அப்படிச் சான்று எதுவும் இருக்கவில்லை. பிறந்து 20 நாளான ஒரு குழந்தையைக் கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அந்தச் சட்டம் மாறியது. மார்ச் 5இல் நம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம் நடந்தது. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கொண்டுவந்து 3,600க்கும் மேற்பட்டவர்களை அந்த மண்ணில் அடக்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

இதை நான் அரசியல் பேசச் சொல்லவில்லை. தவறான ஒரு பயத்தைச் சட்டமாக்கினால் நோயாளி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரமாட்டார். அவர் வராவிட்டால் பி.எச்.ஐ.க்கு யார் யாரோடு இருந்தார் என்பது தெரியாது. கடைசியில் நோய்தான் வீடு வீடாகப் போகும்.

அன்று நான் ஒளித்துக்கொண்டு போய் வளவு மூலையில் நின்று பி.எச்.ஐ.க்கு போன் எடுத்தேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் பெயர் கேட்கவில்லை, விலாசம் கேட்கவில்லை. "தங்கச்சி, முதல்ல அவங்கட மூச்சு எப்படி? பேச ஏலுதா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதிப் பயம் போனது.

மாமியின் அந்தப் பயத்துக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை, பி.எச்.ஐ.யிடமும் இருக்கவில்லை. பொய் சொல்லி ஏற்றவும் மனம் வரவில்லை. "தெரியாது மாமி. ஆனா இப்ப மூச்சுக்கு மருந்து இருக்கு" என்று மட்டும் சொன்னோம். பேரப்பிள்ளை படுத்திருந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு அம்புலன்ஸில் ஏறினார். சுகமாகித் திரும்பி வந்தார்.

[காட்சி: ஒரு விரல் நுனியில் ஒக்சிமீற்றர். எண் 97.]

மூச்சைப் பற்றி ஒன்று. கொவிட்டில் சிலருக்கு ஒட்சிசன் குறைந்தும் மூச்சு முட்டுவது தெரியவில்லை. கதைத்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குத்தான் இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும் இந்தக் கருவி. 95 அல்லது அதற்கு மேல் என்றால் பரவாயில்லை. 94 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே சுவாச நோய் உள்ளவர் தன் அளவை வைத்தியரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கியூடெக்ஸ் பூசிய நகம், கறுப்பு மருதோண்டி போட்ட விரல், குளிர்ந்த விரல் இவற்றில் எண் பிழைக்கலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் வைத்து, எண் ஓடி நிற்கும் வரை பொறுத்துப் பாருங்கள்.

இனிமேல் யாராவது வீட்டுக் கேற்றில் அப்படி ஒரு கடதாசியைக் கண்டால் ஜன்னலைச் சாத்த வேண்டாம். வாசலில் நின்று "என்ன சாமான் வேணும்?" என்று சத்தமாகக் கேளுங்கள். நாங்கள் வீட்டில் அடைந்திருந்த நாட்களில் கேற்றடியில் ஒரு பை தொங்கும். அரிசி, பருப்பு, கொத்தமல்லி, ஒருநாள் குறிஞ்சா இலைக் கட்டு. யார் வைத்தது என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது.

[காட்சி: அலுமாரிக் கதவின் உட்பக்கம். கொப்பித் தாள் ஒன்று.]

இது இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. பி.எச்.ஐ. நம்பர், சுகாதார வைத்திய அதிகாரியின் எம்.ஓ.எச். கந்தோர் நம்பர், அம்புலன்ஸுக்கு 1990. எழுத்து மாமியுடையது. 1990க்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.