பாசம் போட்ட பதியம்

நடுவர் அவர்களுக்கும், அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், தூங்கி விழும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்கிற தாய்மார்களுக்கும் வணக்கம்.

'வீட்டுத் தோட்டம் தழைப்பது பெற்றோர் ஊட்டிய பாசத்தாலா, நாமே தேடிக் கற்ற பாடத்தாலா?' இதுதான் தலைப்பு. பாசத்தாலேதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் இரண்டு கேள்விகளை வைத்துவிட்டுப் போனார். 2020 ஊரடங்கில் எத்தனையோ பேர் யூடியூப் பார்த்தே மாடியில் தோட்டம் போட்டார்கள், தோட்டக்கலைத் துறையும் பை, தென்னைநார்க் கட்டி, விதை எல்லாம் சேர்த்து மானிய விலையில் கொடுத்தது, இதில் அப்பா அம்மாவுக்கு என்ன பங்கு என்பது ஒன்று. பாசம்தான் காரணம் என்றால் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் ஏன் மண்ணை விட்டுப் போனார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வி கனமானது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு மல்லிகைச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பா மதுரையில் பஞ்சாலைத் தொழிலாளி. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும். கை கால் கழுவுவதற்கு முன்னால் கொல்லைப் பக்கம் போவார். கொல்லை என்றால் பெரிய இடம் இல்லை, கழனித் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை ஒட்டி நாலு வாழை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, சுவரோரம் ஒரு குண்டுமல்லி. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். அந்த மல்லிக்கு நாற்று ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருவது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். அப்பாவும் அங்கே போயிருந்தபோது ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த நாற்றுதான் அது.

எனக்கு ஆறு ஏழு வயது இருக்கும். ஒரு கார்த்திகை மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், என் உயரத்துக்குப் புதராக நின்ற செடி முழங்கால் அளவுக்குக் குச்சியாக நிற்கிறது. ஒரு இலை கிடையாது. "அப்பா, செடியைக் கொன்னுட்டீங்களே" என்று அழுதேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "சாகல தாயி. வெட்டுனாத்தான் பூக்கும். மாசி வரட்டும், பாரு" என்றார். என் விரலைப் பிடித்து ஒரு குச்சியின் கணுவில் வைத்தார். உற்றுப் பார்த்தால்கூடத் தெரியாத ஒரு சின்ன மேடு, விரலுக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கணுவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். பங்குனியில் அம்மா தொடுத்த முதல் சரம் என் தலையில் இருந்தது.

அப்பா காலமான பிறகு இரண்டு கார்த்திகை அந்தச் செடியை நான் வெட்டவில்லை. தெரியாமல் இல்லை நடுவர் அவர்களே. தண்ணீரை நிறுத்த வேண்டும், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாவற்றையும் கவாத்து பண்ண வேண்டும், மிச்ச இலையை உருவ வேண்டும், தூரைக் கொத்திவிட்டுத் தொழுவுரம் வைத்துத் தண்ணீர் கட்ட வேண்டும். பாடம் முழுசாக மனப்பாடம். கைதான் போகவில்லை. செடி கண்டபடி நீண்டது, உள்ளே காய்ந்த குச்சி ஏறியது, பூ கைப்பிடி அளவுக்குக் குறைந்தது. மூன்றாம் வருஷம் என் மகள் கேட்டாள், "தாத்தா வெட்டுவார்ல, நீ ஏம்மா வெட்டல?" அன்றைக்குத்தான் அப்பாவின் கத்தரியை எடுத்தேன். கைப்பிடி வழுக்காமல் இருக்க அவர் சுற்றி வைத்த சைக்கிள் டியூப் அப்படியே இருந்தது. அதைப் பிடித்த பிறகுதான் வெட்ட முடிந்தது. பாடம் இரண்டு வருஷமாக என்னிடம் இருந்தது. அந்தக் கத்தரியை என் கையில் எடுக்கவைத்தது பாசம்.

சரி, இப்போது அந்தக் கனமான கேள்விக்கு வருகிறேன். விவசாயி வீட்டுப் பிள்ளைகள் ஏன் போனார்கள்? "நான் பட்டது போதும், நீயாவது படிச்சு நிழல்ல உக்காரு" என்று அவர்களை அனுப்பி வைத்தது யார்? அதே அப்பா அம்மாதான். கடனும் காய்ந்த கிணறும் அவர்களை அப்படிச் சொல்ல வைத்தன. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கவனியுங்கள். மண்ணை விட்டுப் போ என்று பெற்றவர்கள் சொன்னார்கள், பிள்ளைகள் போனார்கள். மண்ணில் நில் என்று கையைப் பிடித்துக் காட்டிய வீட்டில் நின்றார்கள். விலகினாலும் ஒட்டினாலும் அது பெற்றவர்கள் கொடுத்ததுதானே? எதிரணி நண்பர் தன் பக்கத்துச் சாட்சியாகக் கொண்டுவந்தது உண்மையில் எங்கள் பக்கத்துச் சாட்சி.

அடுத்தது ஊரடங்கு. எங்கள் தெருவில் அப்போது இரண்டு வீட்டு மாடியில் பை வாங்கி வைத்தார்கள். இரண்டு வீட்டிலும் ஆடியில் அவரை ஊன்றினார்கள். நம் நாட்டு அவரை பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆவணி, புரட்டாசி முழுக்கக் கொடியும் இலையுமாகப் படர்ந்துகொண்டே போகும், ஒரு பூ கண்ணில் படாது. முதல் வீட்டுத் தம்பி நல்ல உழைப்பாளி. நாலு வீடியோ பார்த்தார், நுனியைக் கிள்ளினார், உரத்தை மாற்றினார், கடைசியில் மனம் வெறுத்துப் பிடுங்கிப் போட்டார். அந்தப் பையில் தென்னைநார் இன்னும் காய்ந்து கிடக்கிறது. இரண்டாவது வீட்டு அக்காவுக்கும் அதே கவலைதான். ஊரிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டார். "பனி விழட்டும்டி, சும்மா இரு" என்று ஒரே வார்த்தை. கார்த்திகையில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் கிடந்தது அந்த அவரைதான். அந்த அம்மா சொன்னது ஒரு தகவல், அவ்வளவுதானே என்று நண்பர் கேட்கலாம். தகவல் முதல் வீட்டுக்கும் ஏதோ ஒரு வீடியோவில் கிடைத்திருக்கும். பூக்காத கொடிக்கு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய ஒருத்தியைச் சின்ன வயதிலிருந்து பார்த்தது எந்த வீடியோவிலும் கிடைக்காது.

பாடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்பா செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டால் கடையில் கேட்டு விஷமருந்து அடிப்பார். பக்கத்திலேயே கீரை இருக்கும். வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து அடித்தால் போதும் என்று நான் வெளியில்தான் கற்றேன். அதற்கு நன்றி உண்டு. ஆனால் செம்பருத்தி இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கிற பழக்கம் அவர் கொடுத்தது.

பெங்களூரு லால்பாக் தோட்டத்துக்குப் போயிருப்பீர்கள். 1760இல் அதைத் தொடங்கியவர் ஐதர் அலி. அப்பாவுக்குப் பிறகு வெளிநாடுகளிலிருந்து செடியும் விதையும் தருவித்து அதைப் பெருக்கியவர் மகன் திப்பு. போர்களுக்கு நடுவில் ஒரு ராஜாவுக்கு மரக்கன்றைப் பற்றி நினைக்க என்ன கட்டாயம்? அப்பா வைத்த தோட்டம், அதுதான் கட்டாயம். இன்றைக்கு 240 ஏக்கரில் நிற்கிறது.

நேரமாகிவிட்டது என்று மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். எங்கள் மல்லிகையில் போன ஆடியில் ஒரு கிளையை வளைத்து மண்ணில் பதித்தேன். பதியம் போடுவது தெரியும்தானே, கிளை தாய்ச்செடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே தனக்கு வேர் விடும், வேர் பிடித்த பிறகுதான் அறுத்து எடுப்போம். போன வாரம் அறுத்தது என் மகள். அந்தக் கன்று இதோ, மேஜைக்குக் கீழே இந்தத் தொட்டியில் இருக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் இது உங்களுக்குத்தான் நடுவர் அவர்களே. நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். கார்த்திகையில் வெட்டும்போது வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.